அப்பாயி வாயில் இருந்த வெள்ளைத் திட்டு

அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, காரம் ஆகாமல் போனதைத்தான் நாங்கள் முதலில் பார்த்தோம். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டே கஞ்சி குடிக்கிறவர், ஒரு பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது ரசத்துக்கே வாய் எரியுது என்று தட்டைத் தள்ளி வைத்தார். வயசாயிடுச்சு, நாக்கு செத்துப்போச்சு என்று அம்மா சொன்னார், நானும் சரி என்று திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டேன். அந்த ஒரு நாளை நினைக்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை.

எங்கள் வீடு குன்னூரிலிருந்து உள்ளே தள்ளி, தேயிலைத் தோட்டத்து லயனில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய குடும்பம். காலையில் பனியில் நனைந்துகொண்டே கொழுந்து பறிக்கப் போகிற பொம்பளைகளுக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நாலும்தான் துணை. மத்தியானம் கொழுந்தை எடை போடும் வரைக்கும் பசி தெரியாது, குளிர் தெரியாது. சுருக்குப் பை இல்லாமல் அப்பாயி மலையேறி நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் கூடலூர் பக்கம் அட்டைக்குப் பயந்து காலில் புகையிலையைத் தேய்த்துக்கொள்வார்கள், அட்டை சுருண்டு விழுந்துவிடும். அதே புகையிலையைத்தான் அப்பாயி நாற்பது வருடமாக இடது கன்னத்துக்குள் அடக்கி வைத்திருந்தார், சில நாள் தூங்கும்போதுகூட.

அடக்குகிற அதே இடத்தில்தான் வாய்ப் புற்றுநோய் வந்தது. முதலில் ஒரு வெள்ளைத் திட்டு, சுண்ணாம்பு பட்டு வெந்தது மாதிரி. துடைத்தால் போகவில்லை. வலி இல்லை. வலி இல்லாததால் யாருக்கும் சொல்லவில்லை. அப்புறம் அதன் நடுவில் சிவந்து ஒரு புண். டவுனில் ஒருவரிடம் காட்டியதற்கு, பல் குத்துகிறது என்று சொல்லி வைட்டமின் மாத்திரையும் தடவ ஒரு மருந்தும் கொடுத்தார், இரண்டு மாதம் அதிலேயே போனது. உடைந்த பல் குத்திப் புண் வருவது உண்மைதான், ஆனால் அந்தப் பல்லை ராவியோ பிடுங்கியோ விட்டால் இரண்டு வாரத்தில் ஆறத் தொடங்க வேண்டும். ஆறவில்லை என்றால் அது பல் இல்லை. இரண்டு வாரம் என்ற இந்தக் கணக்கு மட்டும் எங்களுக்குத் தெரிந்திருந்தால்!

கழுத்தில், தாடைக்குக் கீழே, கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். புண்ணிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். லயனே கூடி நின்று தடுத்தது, கத்தி பட்டால் பரவிவிடும் என்று. அப்பாயியும் "என்னை விட்டுரு கண்ணு" என்றார். அதனால் அழுத்திச் சொல்கிறேன், அந்தத் துளி சதையை எடுப்பதால் நோய் பரவாது. முற்றிய பிறகு வெட்டி எடுக்கிறார்கள், அதற்குப் பின் சிலர் இறந்தும் போகிறார்கள், அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் கத்தி மேல் பழி போடுகிறார்கள். கோவையில் அறுவை சிகிச்சை, தாடையில் ஒரு துண்டு போனது, ஆறு வாரம் கதிர்வீச்சு. ஒன்றரை வருடம் இருந்தார். போன ஆடியில் போய்விட்டார்.

2022-ல் மட்டும் இந்தியாவில் 1,40,000 பேருக்கு மேல் வாயில் புற்றுநோய் கண்டுபிடித்திருக்கிறார்கள், பெரும்பாலோர் அப்பாயி போலவே முற்றிய பிறகு வந்தவர்கள். இத்தனைக்கும் ஸ்கேன் எதுவும் இல்லாமல் வாயைத் திறந்தாலே கண்ணுக்குத் தெரிகிற நோய் இது. திருவனந்தபுரத்தில் 1996-ல் தொடங்கி, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ஜனங்களின் வாயைப் பார்த்தார்கள், கண்ணும் வெளிச்சமும்தான் கருவி. புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களிடையே இந்த நோயால் வந்த சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். நம் ஊரிலும் 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். போவதற்குத் தடை ஒரு நாள் கூலிதான், அது சின்னத் தடை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அம்மா புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதானே என்பார். பாக்கு மட்டுமே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதை உறுதியாகச் சொல்லி இருபது வருடம் ஆகிவிட்டது. பாக்கு கன்னத்தின் உள்சதையை நார் நாராக இறுக்கிவிடும், காரம் எரியும், வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகும். அப்பாயிக்கு ரசம் எரிந்ததும் இதனால்தான் என்று டாக்டர் சொன்னார். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே செங்குத்தாக வைத்துப் பாருங்கள், போக வேண்டும். அம்மாவுக்கு இரண்டுதான் போனது. இறுகிய சதை பழையபடி ஆகாது, ஆனால் பாக்கை விட்டால் மேலும் இறுகுவது பெரும்பாலும் நிற்கும், ஆபத்தும் குறையும். விட்டுவிட்டார். முதல் பத்து நாள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார், வறுத்த கொத்தமல்லி விதையை மென்றே சமாளித்தார். புகையிலையை விட நினைப்பவர்களுக்கு 1800 112 356 என்ற இலவச எண் இருக்கிறது.

இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் செல்போன் டார்ச்சை அடித்து லயன் பொம்பளைகளின் வாயைப் பார்க்கிறேன். கன்னத்தை இழுத்து உள்பக்கம், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்கைத் தூக்கி அடியில், கடைசியாகக் கழுத்து. வெள்ளையை விடச் சிவப்புத் திட்டு மோசம். காரணமில்லாமல் ஒரு பல் ஆடுவது, ஒரு பக்கக் காது மட்டும் வலிப்பது, உதடு மரத்துப்போவது, இதையெல்லாம் கேட்கிறேன். நான் நர்ஸ் இல்லை, பனியன் கம்பெனியில் வேலை. சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது மட்டும்தான் என்னால் முடியும்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அத்தைக்கு வலது கன்னத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை. துணியால் துடைத்தேன், போகவில்லை. "வலிக்கவே இல்லையே புள்ள" என்றார். புதன்கிழமை காலை பஸ்ஸில் ஊட்டிக்குப் போகிறோம், அவருடைய அன்றைய கூலியை நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.