கால் எட்டாத டூரிங் பைக்: அந்த 25 மில்லிமீட்டரை எங்கே எடுப்பது?

காலி வீதியில் ஓர் அலுவலக மாலை. பம்பலப்பிட்டியில் புறப்பட்டு வெள்ளவத்தை போய்ச் சேருமுன் எத்தனை தரம் கால் ஊன்ற வேண்டிவரும்? ஊன்றுவது பெரும்பாலும் இடது கால். வலது கால் பின் பிரேக்கில் இருக்கும். வீதியோ மழைத்தண்ணீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்து கிடக்கிறது. எட்ட வேண்டிய காலுக்குக் கீழேதான் நிலம் இன்னும் இரண்டு விரற்கடை பள்ளம். 200 கிலோவுக்குக் கிட்டவான பைக் அந்தப் பக்கம் சாயத் தொடங்கினால் 55 கிலோ ஆள் பிடித்து நிறுத்துவது கஷ்டம். உயரம் குறைந்தவர்கள் பைக்கின் உயரத்தைக் குறைக்கச் சொல்லி கராஜுக்குப் போவது ஸ்டைலுக்காக அல்ல.

இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். இரு பக்கமும் முன்பாதம் பட்டால், அல்லது இடுப்பைச் சற்று நகர்த்தி இடது பாதம் முழுதாகப் பட்டால் போதும். சஸ்பென்ஷனில் இறக்குவது 25, மிஞ்சினால் 30 மி.மீ. அதற்குமேல் கேட்பவர் வேறு பைக் பார்ப்பது நல்லது.

சீற் உயரம் என்று கட்டலாக்கில் போடுவது, வழக்கமாக ஆள் ஏறாத பைக்கின் உயரம். ஹிமாலயன் 411, டொமினார் 400 இரண்டுக்கும் 800 மி.மீ., எக்ஸ்பல்ஸ் 200க்கு 823, வீ-ஸ்ட்ரோம் 650க்கு 835, கேடிஎம் 390 அட்வென்ச்சர் முதலில் வந்தபோது 855. ஆள் ஏறியதும் எல்லாமே சில சென்ரிமீட்டர் இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான் முதலில் அளக்க வேண்டும். ஸ்பனரும் அளவுநாடாவும் இருந்தால் காசு செலவில்லாத வேலை.

பின் சில்லைத் தரையிலிருந்து தூக்கி, அச்சாணியின் நடுவிலிருந்து நேர்மேலே வால்பகுதியில் ஓர் அடையாளம் வைத்து அளவெடுங்கள். பைக்கைத் தரையில் வைத்து அதன் சொந்த எடையில் ஒருமுறை, ஹெல்மெட் ஜாக்கெட்டோடு ஏறி உட்கார்ந்து இன்னொருமுறை. ஏறும்போது ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்க வேண்டும். ஹிமாலயன் 411இன் பின் சில்லு மொத்தம் 180 மி.மீ. ஆடும். ஆள் ஏறியபின் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 55 முதல் 60 வரை இறங்கியிருக்க வேண்டும். மெலிந்தவர்களுக்கு 40தான் வரும். ஷொக்கின் பிரீலோட் வளையத்தை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் வளையத்தைத் தளர்த்தினால் மிச்சம் 15 மி.மீ. சும்மா கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: தளர்த்திய பிறகு பைக் தன் எடையிலேயே 35 மி.மீ. இறங்கி, ஆள் ஏறியும் 55ஐத் தொடாவிட்டால் அந்த ஸ்பிரிங் அவருக்குக் கடினம். வளையத்தைத் திருப்பித் தீராது, மென்மையான ஸ்பிரிங் போட வேண்டும். பிரீலோட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் மென்மையாகும் என்று சொல்லும் மெக்கானிக் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். ஆகாது, உயரம் மட்டும்தான் மாறும்.

அடுத்தது சீற். இங்கே உயரத்தைவிட அகலம்தான் எதிரி. தொடை விரிந்தால் கால் நீளம் வீணாகும். டாங்கியை ஒட்டிய முன்பகுதியில் இரு ஓரமும் சீவி ஒடுக்கினால், மேலே கைவைக்காமலே கால் நேராக இறங்கும். மேலிருந்து 20 மி.மீ. எடுக்கலாம். ஃபோம் 40 மி.மீ.க்குக் குறைந்தால் அவிசாவளை தாண்டுமுன் அடித்தட்டு உறைக்கும். முன்பக்கம் சரிவாக வெட்டிவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் டாங்கியில் போய் முட்டுவீர்கள். உட்காரும் இடம் மட்டமாக இருக்கட்டும். உறை திரும்பத் தைக்கும்போது ஃபோமுக்கு மேலே ஒரு பொலித்தீன் தாள் விரிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தையல் துளையால் மழைத்தண்ணீர் குடித்த சீற் வாரக்கணக்கில் காயாது. தடித்த அடி வைத்த சப்பாத்து இன்னொரு 20 மி.மீ. தரும்.

இவ்வளவும் செய்தும் போதாவிட்டால்தான் லிங்க்.

பின் ஷொக்குக்கும், பின் சில்லைத் தாங்கும் கையான சுவிங் ஆமுக்கும் நடுவே இரண்டு தட்டுகள் இருக்கும், நாய் கடிக்கும் எலும்பு மாதிரி. அதுதான் லிங்க். பெரும்பாலான பைக்குகளில் அதை நீளமாக்கினால் பின்பக்கம் இறங்கும், சிலவற்றில் எதிர்மாறு. எவ்வளவு நீட்டினால் எவ்வளவு இறங்கும் என்பது பைக்குக்குப் பைக் வேறு, அதனால் இன்னொருவர் சொன்ன அளவைக் கடன் வாங்காதீர்கள். கேடிஎம் 390 அட்வென்ச்சரில் ஷொக் நேரடியாக சுவிங் ஆமில் பூட்டியிருக்கிறது, லிங்க்கே இல்லை. அதற்கு ஷொக்கின் உள்ளே ஸ்பேசர் போட்டுக் குறுக்க வேண்டும். உள்ளே அழுத்தமான நைட்ரஜன் இருக்கும், வீட்டில் திறக்கும் சாமான் அல்ல.

உங்கள் மாடலுக்கென்றே செய்த லிங்க் கிடைத்தால் அதை வாங்குங்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையெல்லாம் அலைந்தும் அகப்படாமல் லேத்தில் வெட்டக் கொடுப்பதானால், தட்டு பழையதைவிட மெல்லியதாக இருக்கக்கூடாது. இரண்டு தட்டையும் ஒன்றாகக் கிளாம்ப் பண்ணி ஒரே தடவையில் துளையிட வேண்டும். தனித்தனியே துளைத்து அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் லிங்க் முறுகும், பேரிங் ஒரு பக்கமாகத் தேயும்.

கழற்றும்போது சம்மட்டி எடுக்காதீர்கள். பைக் நடு ஸ்டாண்டில், பின் சில்லுக்குக் கீழே பலகைத் துண்டும் ஆப்பும். நட்டைக் கழற்றியபின் போல்ட் விரலால் இழுத்து வரவில்லையென்றால் அதன்மேல் பாரம் நிற்கிறது. ஆப்பை ஓர் அங்குலம் தட்டி ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். ஒரு புள்ளியில் போல்ட் தானாகத் தளர்ந்து வழுக்கிக்கொண்டு வரும். வெளியே வந்ததும் ஊசி பேரிங்கைப் பாருங்கள். கடல்காற்றுக்குள் நிற்கும் பைக்கில் கிரீஸ் இருந்த இடத்தில் மண்ணிறக் கூழ்தான் இருக்கும். ஊசிகளை விரலால் உருட்டினால் சில அசையாது. அசையாதது இருந்தால் பேரிங் மாற்றுங்கள். மற்றதை மண்ணெண்ணெயில் கழுவித் தண்ணீர் கரைக்காத கிரீஸ் அப்புங்கள். பழைய நைலொக் நட்டை (உள்ளே நைலோன் வளையம் வைத்த நட்டு)த் திரும்பப் போட வேண்டாம். முறுக்கும் அளவுக்கு உங்கள் பைக்கின் சேர்விஸ் மனுவலை நம்புங்கள், கையை அல்ல.

லிங்க் நீண்டாலும் ஷொக்கின் ஓட்டம், அதாவது அது அமுங்கி விரியும் தூரம், குறையாது. ஆகவே பெரிய குழியில் சில்லு முன்னைவிட 25 மி.மீ. மேலே வரும். அங்கே மட்கார்ட் இருக்கிறது, ஏபிஎஸ் வயர் இருக்கிறது, நம்பர் பிளேட்டின் போல்ட் முனையும் இருக்கிறது. ஸ்பிரிங்கைக் கழற்றிய ஷொக்கைத் திரும்பப் பூட்டி, ஜாக்கால் சில்லை முடிவு வரை தூக்கிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. லிங்க் மாற்றினால் பின்பக்கம் மென்மையாகவும் தெரியும். முன்பு தளர்த்திய பிரீலோட்டை இப்போது கொஞ்சம் இறுக்க வேண்டிவரும், அதனால் கிடைத்த 25இல் சிலது திரும்பப் போகும். முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னை மட்டும் இறக்கிவிட்டு வீடு போவதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஹிமாலயன் 411இன் சில்லிடைத் தூரம் 1465 மி.மீ.; பின்பக்கம் 25 இறங்கினால் பைக் முழுதும் ஏறத்தாழ ஒரு பாகை பின்னால் சரியும். முன் ஃபோர்க் படுத்துவிடும், ஹாண்டில் சோம்பலாகும், றம்பொடை வளைவுகளில் பைக் வெளிப்பக்கம் இழுக்கிறது என்று ஆள் முறையிடுவார். ஹெட்லைட்டும் அதே ஒரு பாகை மேலே பார்க்கும்: 10 மீட்டர் தூரத்துச் சுவரில் 17 செ.மீ. உயர்வு, எதிரே வருபவர் கண்ணில்.

அதனால் முன்னையும் இறக்க வேண்டும். ஃபோர்க் குழாய்களை, அவற்றைக் கவ்வும் மேல் கிளாம்ப்புக்கு வெளியே நீட்டுவதுதான் வழி. எஞ்ஜினுக்குக் கீழே மரக்கட்டை வைத்து ஜாக்கால் தாங்குங்கள். எஞ்ஜினின் அடியைக் காக்கும் மெல்லிய தகட்டு பாஷ் பிளேட்டில் முட்டுக்கொடுத்தால் அது நெளியும். கிளாம்ப் போல்ட்களைத் தளர்த்தி, இரு பக்கமும் ஒரே அளவு நீட்டி, கிளாம்ப்பின் மேற்பரப்பிலிருந்து குழாயின் விளிம்பு வரை வேர்னியரால் அளவெடுங்கள். மூடியின் உச்சியிலிருந்து அளந்தால் ஏமாறுவீர்கள், பிரீலோட் திருகு இரண்டும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. கீழ்க் கிளாம்ப்பை மிஞ்சி முறுக்கினால் குழாய் அமுங்கி ஃபோர்க் சிக்கும். முடிந்ததும் முன் அச்சைக் கவ்வும் பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்து நாலைந்து தரம் அமுக்கி, பிறகு இறுக்குங்கள். ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாக ஒடித்துக் குழாய்முனை எங்காவது இடிக்கிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். இங்கேயும் ஓட்டம் குறையவில்லை. கீழ் மட்கார்ட் கிளாம்ப்பிலோ ஒயில் கூலரிலோ படுமானால் அவ்வளவு இறக்க முடியாது, பின்பக்கத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் எல்லோரும் மறப்பது சைட் ஸ்டாண்ட். பைக் இறங்கியதும் பழைய ஸ்டாண்ட் அதற்கு நீளம். பைக் நிமிர்ந்து நிற்கும், வலப்பக்கம் சற்றே சரிந்த இடத்தில் விட்டால் கவிழும். 25 இறக்கினால் முதலில் 18 மட்டும் வெட்டி, சின்ன வெல்டிங் புள்ளியால் ஒட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு முழு வெல்டிங் போடுங்கள். வெட்டியதை ஒட்டலாம், ஆனால் குறைத்த நீளத்தைத் திரும்பச் சேர்ப்பது அசிங்கமான வேலை. வெல்டிங் அடிக்குமுன் பற்றரி வயரைக் கழற்றுங்கள். நடு ஸ்டாண்டையும் வெட்டாவிட்டால் ஒவ்வொரு தரமும் பைக்கை 25 மி.மீ. கூடுதலாகத் தூக்க வேண்டும்.

சங்கிலியையும் ஒருமுறை பாருங்கள். முன் ஸ்புரொக்கட், சுவிங் ஆம் அச்சு, பின் அச்சு மூன்றும் நேர்கோட்டில் வரும்போதுதான் அது மிக இறுக்கம். இறங்கிய பைக் அந்தக் கோட்டுக்குக் கிட்ட நிற்பதால் அதே சங்கிலி இறுகியதுபோலக் காட்டும். அவசரப்பட்டுத் தளர்த்தாமல், ஒருவரை உட்காரவைத்து அந்த இறுக்கமான இடத்தில் தொய்வை அளந்து சரிசெய்யுங்கள். 200 கிலோமீட்டர் ஓடியபின் லிங்க், கிளாம்ப் போல்ட் எல்லாவற்றையும் டோர்க் ரெஞ்சால் மறுபடி ஒரு சுற்று.