நிறுத்தச் சொன்ன மாத்திரையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை

எமர்ஜென்சியில் அம்மாவை நன்றாகவே பார்த்தார்கள். 108இல் கொண்டுபோனது, ரத்தம் எடுத்தது, ரத்தத்தில் இருக்கும் உப்பான சோடியம் 116 என்று கண்டுபிடித்து ஐசியூவுக்கு மாற்றியது எல்லாம் மளமளவென்று நடந்தது. 135க்குக் கீழே போனாலே குறைவுதான். வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து, மெதுவாகத்தான் ஏற்ற முடியும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஆளே தெரியாமல் உளறிக்கொண்டிருந்த அம்மா தெளிந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அலைச்சல் ஆரம்பித்தது டிஸ்சார்ஜ் அன்றைக்கு. இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வருவதற்குள் இருட்டிவிட்டது. என்ன நோய், என்ன மருந்து என்று எழுதித் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டால், "ஒரிஜினல் இன்ஷூரன்ஸ் செக்‌ஷனுக்குப் போயிருக்கு, ரெண்டு மூணு நாள் கழிச்சு வந்து காப்பி வாங்கிக்கங்க" என்றார்கள். கையில் கிடைத்தது பில்லும் ஒரு மாத்திரைச் சீட்டும்தான். வார்டு சிஸ்டர், "பழைய மாத்திரையெல்லாம் அப்படியே கண்டினியூ பண்ணுங்க, இது மட்டும் புதுசு" என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் பழைய மாத்திரைதான் வினை. அம்மா பல வருஷமாகச் சாப்பிட்ட பிரஷர் மாத்திரை டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தது. இரண்டாவது மருந்து சிறுநீரை அதிகம் போக வைக்கும். வயதானவர்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, அதனால் சோடியம் இறங்குவது டாக்டர்களுக்குப் புதிதில்லை. ஐசியூவிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். சம்மரியிலும் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சம்மரிதான் எங்களிடம் இல்லையே!

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் அம்மா மறுபடி சோர்ந்தாள். சாப்பாட்டைத் தள்ளினாள், பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கினாள். "வயசாச்சு, ஆஸ்பத்திரி அலுப்பு" என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. 104 மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்டேன், தாமதிக்காமல் ரத்தம் பாருங்கள் என்றார்கள். லேப் தம்பி வீட்டுக்கே வந்து எடுத்துப்போனார். ரிசல்ட் 124.

உடனே டாக்ஸி பிடித்து அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"சம்மரி இல்லாம ரிவ்யூ டோக்கன் போட முடியாதுங்க."

"சம்மரியே உங்ககிட்டதாங்க இருக்கு."

"அது இன்ஷூரன்ஸ் செக்‌ஷன். அங்க போய்க் கேளுங்க."

இன்ஷூரன்ஸ் செக்‌ஷனில் ஃபைல் மெடிக்கல் ரெக்கார்ட்ஸுக்குப் போய்விட்டது என்றார்கள். ரெக்கார்ட்ஸில், நோயாளி கையெழுத்துப் போட்ட லெட்டர் வேண்டும், அதுவும் நாளைக்குத்தான் என்றார்கள். அம்மா வராந்தாவில் வீல்சேரில் தலை தொங்க உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே லெட்டர் எழுதச் சொன்ன அந்த முகத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

நேரே எமர்ஜென்சிக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். முதல் நாள் பார்த்த அதே டியூட்டி டாக்டர் இருந்தது எங்கள் நல்ல நேரம். கம்ப்யூட்டரில் தேடி இரண்டு பக்கம் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்தார். இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது: ஹைட்ரோகுளோரோதயசைடு இனி கூடாது, ஒரு வாரத்தில் சோடியம் திரும்பப் பார்க்கவும். அங்கேயே அந்த மருந்து சேராத டெல்மிசார்ட்டனாக மாற்றி எழுதினார். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதற்கும் அளவு சொன்னார். உப்பு குறைந்திருக்கிறது என்று வீட்டில் ஆளாளுக்கு உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம், அதையும் நிறுத்தச் சொன்னார்.

'இனி கூடாது' என்ற சம்மரியின் அந்தக் கடைசி வரி போய்ச் சேர வேண்டிய ஆள் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். எங்கள் வீட்டில் அது அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. தமிழ் நன்றாக வாசிப்பார், ஆங்கிலம் தெரியாது. அதனால் கிளம்பும்போது எது புதுசு, எது டோஸ் மாறியது, எது நின்றது என்று மூன்றையும் தமிழில் எழுதி வாங்குங்கள். எழுத நேரமில்லை என்றால் சிஸ்டர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதி, படித்துக் காட்டி சரி பாருங்கள். சம்மரி எந்த மேஜைக்குப் போவதாக இருந்தாலும் சரி, முதலில் எல்லாப் பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துவிடுங்கள். ரெக்கார்ட்ஸில் இழுத்தடித்தால் 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதிமுறையைச் சொல்லுங்கள்: நோயாளியோ அவர் சார்பாக உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும்.

அடுத்த மாதம் மருந்துக் கடையிலிருந்து வந்த அட்டையில் பேருக்குப் பின்னால் மறுபடியும் 'எச்' இருந்தது, அதாவது ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த பழைய மாத்திரை. கடையில் பழைய சீட்டைப் பார்த்தே எடுத்திருக்கிறார்கள். ஆனால் இந்த முறை மாத்திரை அம்மா வாய்க்குப் போகவில்லை. "தம்பி, இதுல எச் போட்டிருக்கு, இது அம்மாவுக்கு ஆகாது" என்று அக்காவே திருப்பிக் கொடுத்துவிட்டார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர் மாத்திரை கொண்டுவரும் தங்கையிடமும் மருந்துப் பட்டியலில் ஒரு நகல் கொடுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் அவர் அம்மாவுக்குப் படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்க்கிறார். எழுந்ததும் மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் தலைசுற்றி விழ வாய்ப்பு அதிகம். விழுந்தால் மறுபடி எமர்ஜென்சிதான். கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையிலும் ஒருமுறை காட்டலாம் என்று இருக்கிறோம்.

கடைசியாகப் பார்த்தபோது சோடியம் 137. வயதானவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் ஒரு பக்க மருந்துப் பட்டியல் கொடுங்கள், ஓரிரு நாளில் ஒரு போன் போட்டு விசாரியுங்கள் என்று அந்த ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை குத்தி வாங்கியாச்சு. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது நேரில் கேட்கப் போகிறேன்.