பாசார் செனிக்கு அப்புறம்

பிப்ரவரி 8
மைலோ வந்துச்சு. தம்பி தரைல உக்காந்ததுமே அதுவா வந்து அவன் தொடை மேல தலைய வச்சு படுத்துக்குச்சு, நல்ல கனமான நாய், அந்த கனம்தான் வேல செய்யுது, உடம்பு மேல சீரா அழுத்தம் இருந்தா பதட்டம் இறங்கும்னு கூட்டிட்டு வர்ற ஆன்ட்டி சொன்னாங்க. ட்ரெயின் சத்தம்னா தம்பிக்கு பயம், அதுக்குப் பழக்கத்தான் போன்ல கோலாலம்பூர் எல்ஆர்டி ட்ரெயின் சத்தம் போட்டோம், கதவு மூடுற பீப், அந்த "ஸ்தேசென் பெரிகுட்ஞா" (அடுத்த ஸ்டேஷன்) அறிவிப்பு. ரெண்டு காதையும் பொத்துனான், அப்புறம் ஒரு கைய எடுத்து மைலோ முதுகுல வச்சான்.

பிப்ரவரி 10
தம்பி சேர வேண்டிய ட்ரைனிங் சென்டர்லேர்ந்து போன் வரல.

பிப்ரவரி 11
தைப்பூசம். அம்மா மட்டும் பத்துமலைக்குப் போனாங்க. உறுமி சத்தம் அவனுக்கு ஆகாது.

பிப்ரவரி 14
கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன்ல எல்ஆர்டி ஏறுனோம். கிளானா ஜெயா லைன்ல டிரைவர் கிடையாது, முன் கண்ணாடிகிட்ட நின்னு தண்டவாளத்தையே பாத்துட்டு வந்தான், அவ்ளோ சந்தோஷம். பாசார் செனி ஸ்டேஷன் தாண்டி ட்ரெயின் மண்ணுக்குள்ள இறங்குச்சு பாருங்க, அந்த இரைச்சல்ல அப்படியே கீழ உக்காந்துட்டான், எல்லாரும் பாத்தாங்க, மஸ்ஜிட் ஜமெக்ல இறங்கிட்டோம். ட்ரைனிங்குக்கு அவன் போக வேண்டியது அம்பாங் பார்க் ஸ்டேஷன். அதுவரைக்கும் முழுக்க டனல்தான்.

பிப்ரவரி 16
தூக்கம் வரல. மைலோவ ட்ரெயின்ல ஏத்த முடியாது. நாய் ஈரம் பட்டா மலாய்க்காரங்க ஏழு தடவ கழுவணும், அதுல ஒரு தடவ மண் தண்ணில, அது அவங்க மார்க்கம், அத மதிக்காம எனக்கு எதுவும் வேணாம். ஆனா லாஸ் ஏஞ்சலஸ் ஏர்போர்ட்ல 2013லேர்ந்து நாய்ங்க பயணிகளுக்கு நடுவுல இருக்கு, வேணும்ங்கறவங்க போய் தொடறாங்க. இங்க ஸ்டேஷனுக்கு வெளிய ஒரு மூலை, ஏறறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம், வேண்டாம்னா அந்தப் பக்கமா போயிடலாம், அதுகூடவா முடியாது? 2008 ஓகேயூ (மாற்றுத்திறனாளிகள்) சட்டம் 27வது பிரிவு பொது போக்குவரத்து எங்களுக்கும் உரிமைன்னுதான் சொல்லுது. சக்கர நாற்காலிக்கு லிஃப்ட் வேணும்னு எல்லாருக்கும் புரியுது. இவன் பயத்துக்கு என்ன வேணும்னு யாரு கேட்டா?

பிப்ரவரி 19
போன் இல்ல.

பிப்ரவரி 22
மைலோ இல்லாத நேரத்துக்கு ஆன்ட்டி ஒரு வழி சொன்னாங்க, பேக்ல ரெண்டு பாக்கெட் அரிசி போட்டு மடில வச்சுக்க. மைலோ பக்கத்துல இருக்கும்போதே பழக்குனோம். அது பேக்க மோந்து மோந்து பாத்துச்சு, தம்பி சிரிச்சான்.

பிப்ரவரி 23
மஸ்ஜிட் ஜமெக் தாண்டி அடுத்த ஸ்டேஷன் டாங் வாங்கி வரைக்கும்!!! பேக்க இறுக்கி கட்டிப்புடிச்சுட்டு "மைலோ மைலோ"ன்னு சொல்லிட்டே வந்தான்.

பிப்ரவரி 26
கூப்பிட்டாங்க. மார்ச் 3 வரச் சொல்றாங்க. அதுக்குள்ள நோன்பு ஆரம்பிச்சிடும், சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு ஓடுற நேரம், உக்கார எடம் கெடைக்காது, நின்னுட்டே போனா பேக்க எங்க வைக்கறது, மூணு மணிக்கே விடுவாங்களான்னு கேக்கணும், ஆன்ட்டிகிட்ட சனிக்கிழமை மைலோவோட நின்னுட்டே பழகலாமான்னும் கேக்கணும்.