பென்சிலும் போலியும்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். போன வாரம் உலோகம், அலோகம் நடந்தது. இரண்டு பேட்டரி, ஒரு சின்ன எல்இடி பல்பு, கொஞ்சம் வயர். செம்புக் கம்பியில் தொட்டோம், எரிந்தது. (நம் ஆற்றின் பெயரிலேயே இருக்கிற தாமிரம் இதுதான் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.) இரும்பு ஆணியிலும் எரிந்தது. அடுப்புக்கரியில் எரியவில்லை.

ஒருத்தன் பென்சிலை இரண்டு பக்கமும் சீவிக்கொண்டு வந்தான். பல்பு எரிந்தது.

“எரியுதுல்லா டீச்சர்! கரண்டு போனா உலோகம்னு நீங்கதான சொன்னிய?”

நல்ல கேள்வி. கரியும் கார்பன்தான், பென்சிலில் களிமண்ணோடு சேர்ந்திருக்கும் கிராஃபைட்டும் கார்பன்தான். கிராஃபைட்டில் ஒவ்வொரு அணுவும் தன் நாலு வெளி எலக்ட்ரான்களில் மூன்றைப் பக்கத்து அணுக்களோடு பிணைத்துக்கொள்கிறது. நாலாவது அந்த அடுக்கு முழுக்க ஓடித் திரிகிறது. மின்சாரம் போவது அதனால்தான். அடுப்புக்கரியில் அடுக்குகள் அப்படி ஒழுங்காக அமைவதில்லை.

சரி, சுத்தியலை எடு என்றேன். செம்புக் கம்பி தட்டையாகப் பரந்தது. பென்சில் முனை பொடிப்பொடியானது. ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

அப்புறம்தான் உலோகப்போலி, அதாவது உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்ட தனிமம். “போலின்னா கள்ளச் சரக்கா டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். எனக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். இலக்கணத்தில் பந்தல், பந்தர் என்று படிக்கிறோமே, கடைப்போலி, அந்தப் போலிதான் இதுவும். ஒன்றைப் போல இருப்பது. சிலிக்கான் உலோகம் போலப் பளபளக்கும், தட்டினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். செம்பைச் சூடாக்கினால் மின்சாரம் கடத்துவது குறையும். சுத்தமான சிலிக்கானில் கூடும். போரான், ஜெர்மானியம், ஆர்செனிக், ஆன்டிமணி, டெலூரியம் எல்லாம் இந்த வரிசைதான். பொலோனியத்தை எங்கே வைப்பது என்பதில் இன்னும் ஒத்த கருத்தில்லை.

சிலிக்கானைக் கையில் காட்ட முடியுமா என்றார்கள். வெயிலில் மட்டும் ஓடும் பழைய கால்குலேட்டரை எடுத்து வந்தேன். மேலே கறுப்பாக இருக்கும் சிலிக்கான் பட்டையை அந்தப் பென்சில் பையன் கட்டைவிரலால் மூடினான். எண்கள் மெல்ல மங்கி மறைந்தன. விரலை எடுத்தான், திரும்ப வந்தன. இருட்டும்வரை அதைக் கீழே வைக்கவே இல்லை.