மரம் நிற்கிறதே, நீங்கள் எங்கே உழுதீர்கள்?

காட்டில் நாங்கள் உழுதுவரும் நிலத்துக்குப் பட்டா கைக்கு வந்து பத்து நாள் ஆகிறது. கோபம் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

2006 வன உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம் என்று நான் சொன்னபோது அப்பா சிரித்தார். நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் 2016 வரை பட்டா கொடுப்பதே முடங்கிக் கிடந்ததைப் பார்த்தவர் அவர். முதல் கிராம சபையும் வீணானது. ஊர் ஆட்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். அன்றைக்குப் பெண்கள் எல்லோரும் கடுக்காய் பொறுக்கப் போயிருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் ஆனது, கிராம சபையின் வன உரிமைக் குழுவும் வந்து நிலத்தை அளந்துவிட்டுப் போனது.

கிராம சபைக்கு அடுத்து மனுவைப் பார்க்கும் கோட்டக் குழுவில்தான் மாட்டிக்கொண்டோம். நான்கு மாதம் கழித்து நானாகப் போய்க் கேட்டபோது, "அது தள்ளுபடி ஆயிடுச்சே" என்றார் எழுத்தர், தலையைக்கூட நிமிர்த்தாமல். சாட்டிலைட் படத்தில் எங்கள் நிலம் காடாகத் தெரிகிறதாம், சாகுபடியே இல்லையாம். தாத்தா வெட்டாமல் விட்ட பலாவும் நெல்லியும் நிற்கின்றன, அடியில் சாமை விளைகிறது. மேலிருந்து எடுத்த படத்தில் சாமை எப்படித் தெரியும்? மரத்தை மொட்டையடித்திருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பார்கள் போல.

வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். தள்ளுபடி என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதன்பின் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்கு மனுச் செய்யலாம். அந்த ஒரு தாளுக்காக மூன்று முறை மலை இறங்கினேன். சாட்டிலைட் படம் துணைச் சான்றுதான், மற்ற சான்றுகளுக்கு மாற்றாகாது என்று 2012-இல் திருத்திய விதியிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து மனுவோடு வைத்தேன்.

நாங்கள் பழங்குடி. 2005 டிசம்பர் 13-க்கு முன்பே நிலம் எங்கள் அனுபவத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்களாக இருந்தால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு அங்கே வாழ்ந்ததையும் காட்ட வேண்டும். கல் வரப்பு இருந்தது, தாத்தாவின் சமாதி இருந்தது, இரண்டு பெரியவர்களின் வாக்குமூலமும் இருந்தது. ஆனாலும் தேதி போட்ட ஒரு காகிதம் இருந்தால் தேவலை என்று டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். 1997-இல் காட்டில் அத்துமீறி உழுததாக வனத்துறை அப்பாவுக்குப் போட்ட அபராத ரசீது கிடைத்தது! அவமானமாக நினைத்து அவர் ஒளித்து வைத்திருந்தது. நாங்கள் உழவே இல்லை என்றவர்கள் முன்னால் அதை வைத்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அசலைக் கேட்டார்கள், நகலைத்தான் கொடுத்தேன். நீங்களும் அசலைக் கொடுத்துவிடாதீர்கள்.

பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் பெயரையும் பரப்பளவையும் எழுத்தெண்ணிப் படியுங்கள். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் நான் படிக்கவில்லை. அம்மா பெயரில் ஒரு எழுத்து பிழை. திங்கட்கிழமை மறுபடி பஸ் ஏற வேண்டும், அதே எழுத்தரிடம்.