ஒரே தீவு, மூன்று பெயர்

அண்டார்க்டிகா வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நேற்று ராத்திரித் தூக்கம் ஒரு தீவால் போனது. பிரிட்டிஷ் வரைபடத்தில் அது கிங் ஜார்ஜ் தீவு. அர்ஜென்டினாவுக்கு மே 25 தீவு. அது அவர்களுடைய 1810 புரட்சி நாள். ரஷ்யர்களுக்கோ வாட்டர்லூ, நெப்போலியன் தோற்ற களம்! அங்கே உலாவும் பெங்குவின்களுக்கு இதில் எதுவும் சம்பந்தமில்லை.

பூர்வகுடி என்று யாரும் இல்லாத கண்டம். போனவர் வைத்ததுதான் பெயர். பெரிய தீபகற்பத்தை பிரிட்டன் கிரஹாம் லேண்ட் என்றது, அமெரிக்கா பால்மர் தீபகற்பம் என்றது. 1964-ல்தான் 'அண்டார்க்டிக் தீபகற்பம்' என்று ஒத்துப்போனார்கள். அப்போதும் பழசை விட மனசில்லை: வடக்குப் பகுதி கிரஹாம் லேண்ட், தெற்குப் பகுதி பால்மர் லேண்ட்.

இப்படிப் பெயர் வைத்த கதைகளில் எனக்குப் பிடித்தது எதிர்முனையில், வடதுருவப் பக்கம் இருக்கும் ஆர்க்டிக் கதைதான். 1906-ல் தூரத்தில் நிலம் தெரிந்ததாகச் சொன்ன அமெரிக்கத் துருவப் பயணி ராபர்ட் பியரி, தன் பயணத்துக்குப் பணம் கொடுத்த ஜார்ஜ் க்ராக்கர் பெயரை அதற்கு வைத்தார். (ஸ்பான்சர் பெயர் போடுவது அப்போதே உண்டு.) 1914-ல் இன்னொரு அமெரிக்கப் பயணி டொனால்ட் மக்மில்லன் நாய் வண்டியில் கடல்பனி மேல் அதைத் தேடிப் போனார். மலை, பள்ளத்தாக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. வெயில் நகர நகர அவையும் உருமாறி, கடைசியில் காணாமல் போயின. வெறும் கானல்! கூட வந்த இன்யூட் (ஆர்க்டிக் பூர்வகுடி) வழிகாட்டி பியுகாட்டோக், அது மூடுபனிதான் என்று முன்பே சொல்லியிருந்தார்.