போகாத ஊருக்கு வழி: ஹில் வேலியில் இரண்டு நாள்

1985-இல் வெளியான 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தின் ஹில் வேலி, படத்துக்காகக் கற்பனை செய்த ஊர். மார்ட்டி என்ற பள்ளி மாணவன், விஞ்ஞானி டாக் பிரவுன் காலயந்திரமாக்கிய டெலோரியன் காரில் 1985-இலிருந்து 1955-க்குப் போய்த் திரும்புவதுதான் கதை. ஊர் கற்பனைதான், ஆனால் அதன் பள்ளிக்கூடம் விட்டியரில் இருக்கிறது. டாக்கின் வீடு பசடினாவில், மால் 'சிட்டி ஆஃப் இண்டஸ்ட்ரி' என்ற ஊரில், மணிக்கூண்டு யுனிவர்சல் ஸ்டுடியோவின் பின்கட்டில். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் இந்த ஊரைக் காரில் சுற்றி ஒட்டவைப்பதுதான் ரசிகர்களின் விளையாட்டு. படத்தின் ஒரு ஃபிரேமை போனில் வைத்துக்கொண்டு, கேமரா நின்ற அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் ஒரு படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் பலரும் கோட்டைவிடுவது லென்ஸில். போனின் சாதாரண கேமரா ரொம்ப அகலமானது; வீடு தூரத்தில் குட்டியாகத் தெரியும், ஓரத்துச் சுவர்கள் சாய்ந்து நிற்கும். 2 மடங்கு ஜூம் வைத்து, பத்தடி பின்னால் போய் எடுத்தால் படத்தோடு நெருங்கி வரும்.

முதல் நாள் மேற்கிலிருந்து கிழக்கே போகட்டும். காலையில் பசடினாவின் கேம்பிள் ஹவுஸ். 1955-இன் டாக் வீட்டு வெளிப்புறம் இதுதான். பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியின் கேம்பிள் குடும்பத்துக்காகக் கட்டடக் கலைஞர்களான கிரீன் சகோதரர்கள் 1908-இல் கட்டியது. நீண்ட கூரைச் சரிவும் மரவேலையும் படத்தை மறந்து பார்த்தாலும் அழகுதான். உள்ளே போக டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். ஆனால் படத்தில் பார்த்த கூடத்தை உள்ளே தேடிப் பயனில்லை. அது வேறு வீடு. பிளாக்கர் ஹவுஸ் என்ற தனியார் வீடு.

அங்கிருந்து தெற்கே அரை மணிக்குள் தென் பசடினாவின் புஷ்னெல் அவென்யூ. மார்ட்டியின் அம்மா லொரெய்ன், அப்பா ஜார்ஜ், வில்லன் பிஃப் மூவரின் 1955 வீடுகளும் இந்த ஒரே தெருவில்தான். மூன்றிலும் மக்கள் குடியிருக்கிறார்கள். நடைபாதையை விட்டு இறங்காதீர்கள், வாசற்படியில் உட்காராதீர்கள். ஜார்ஜ் மரமேறி பைனாகுலரில் எட்டிப்பார்த்த தெரு என்பதால் கையில் பைனாகுலரோடு போஸ் கொடுப்பவர்கள் உண்டு. படத்திலேயே அது நல்ல பழக்கமாகக் காட்டப்படவில்லை.

விட்டியர் உயர்நிலைப் பள்ளி போகிற வழியில். சனிக்கிழமை என்றால் நல்லது. வெளியிலிருந்து முகப்பை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். ரிச்சர்ட் நிக்சன் படித்த பள்ளி இது.

பொழுது சாயும்போது புவென்டே ஹில்ஸ் மாலில் இருக்க வேண்டும். படத்தில் ட்வின் பைன்ஸ் மால். 1955-க்குப் போன மார்ட்டி இரண்டு பைன் மரங்களில் ஒன்றைக் காரால் இடித்துவிட, திரும்பி வரும்போது பலகையில் லோன் பைன் மால் என்று இருக்கும். ஓர் அட்டையில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் இன்னொன்று எழுதிக் கொண்டுபோய், வந்ததும் ஒரு படம், கிளம்பும்போது திருப்பிப் பிடித்து ஒரு படம். கடைகள் ஏறக்குறைய எல்லாம் மூடிக் கிடக்கின்றன. கட்டடத்தின் கதி எப்போது வேண்டுமானாலும் மாறலாம், நிலவரம் பார்த்துவிட்டுப் போங்கள். பார்க்கிங் தனியாருக்குச் சொந்தமானது, காவலாளியிடம் கேட்டுவிட்டே எதையும் விரியுங்கள்.

விரிப்பது என்றால் தீக்கோடுகளை. டெலோரியன் மறைந்ததும் தரையில் எரியும் இரண்டு சக்கரத் தடங்கள். நிஜத் தீ வேண்டவே வேண்டாம். தார் உருகும், போலீஸ் வரும். 5 மீட்டர் நீள யுஎஸ்பி எல்ஈடி ஸ்ட்ரிப் இரண்டு, பவர் பேங்க் இரண்டு, கறுப்புத் துணி இரண்டு கீற்று போதும். அந்தக் காரின் பின்டயர் 235 மி.மீ. அகலம், இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி ஏறக்குறைய 1.6 மீட்டர். துணியை அந்த அகலத்துக்கு வெட்டி, நடுவிலிருந்து நடுவுக்கு 1.6 மீட்டர் அளந்து போட்டு, அதன்மேல் ஸ்ட்ரிப்பை வையுங்கள். டேப் இல்லாமல் கண்மதிப்பில் போடுகிறவர்கள் ஒரு மீட்டருக்கும் குறைவாகப் போட்டுவிடுவார்கள். படத்தில் கார் தடம் போலில்லாமல் மாட்டுவண்டித் தடம் போல விழும்.

நிறம் ஆரஞ்சு, வெளிச்சம் பாதிக்கும் கீழே. 5 வோல்ட் ஸ்ட்ரிப்பில் கடைசி மீட்டருக்குப் போகும்போது மின்னழுத்தம் இறங்கும். ஸ்ட்ரிப்பின் ஆரஞ்சு, சிவப்பும் பச்சையும் கலந்து வருவது. பச்சை எல்ஈடிக்குச் சிவப்பைவிடக் கூடுதல் வோல்ட் தேவை என்பதால் பச்சை முதலில் மங்கி, ஆரஞ்சு சிவப்பாகத் திரியும். வீட்டு அலங்காரத்தில் இது தலைவலி, இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுத்துச் சரிசெய்வார்கள். இங்கே அப்படியே விட்டுவிடலாம். தூரத்தில் தீ சிவந்து அடங்குவதுபோலத்தான் இருக்கும். கேமராவைக் கணுக்கால் உயரத்தில் வையுங்கள். நின்று எடுத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும், தாழ்த்தினால் ஒரே கோடாகச் சேரும். ஷட்டர் 1/30 நொடி. அதைவிட வேகமாக வைத்தால் எல்ஈடி துடிப்பு பட்டை பட்டையாக விழும்.

நாள் அக்டோபர் 26 என்றால் கூடுதல் ருசி. படத்தில் 1985-இல் அதே நாள் அதிகாலை 1:20-க்குத்தான் டாக்கின் ஐன்ஸ்டைன் என்ற நாய் முதல் காலப்பயணி ஆனது. மார்ட்டியின் பஞ்சு வைத்த ஆரஞ்சு-சிவப்பு ஜாக்கெட்டைப் போட்டு நிற்கவும் அந்த நேரத்துக் குளிர் தோது. பகலில் போட்டால் வியர்த்துக் கொட்டும்.

இரண்டாம் நாள் பர்பேங்க். விக்டரி பூல்வார்டில் இருக்கும் பர்கர் கிங், ஸ்கேட்போர்டில் மார்ட்டி வண்டியைப் பிடித்துக்கொண்டு கிளம்பும் இடம். டாக்கின் 1985 கராஜ் இதன் பக்கத்தில் போட்ட செட், இப்போது இல்லை. ஓடும் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஸ்கேட்போர்டில் போவது கலிபோர்னியாவில் சட்டமீறல். நின்ற காரின் பம்பரைத் தொட்டபடி எடுத்தாலே போதும். யுனிவர்சலில் ஸ்டுடியோவைச் சுற்றிக்காட்டும் டிராம் நிற்காது, அதனால் வீடியோ எடுத்துப் பிறகு ஃபிரேம் பிரியுங்கள். படத்தில் மணிக்கூண்டு இருந்த நீதிமன்றக் கட்டடத்தில் கடிகாரத்தை எதிர்பார்க்காதீர்கள், வேறு படங்களுக்காக முகப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. 1955-இல் மீன் அலங்காரத்தோடு பள்ளி நடனம் நடந்த கூடம் ஹாலிவுட் யுனைடெட் மெதடிஸ்ட் தேவாலயத்தின் ஜிம்.

மாலையில் பீட்டர்சன் கார் மியூசியம். படத்தில் ஓடிய நிஜ டெலோரியன், பழுதுபார்த்துப் புதுப்பித்தது, இங்கே இருக்கிறது. காட்சியில் இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைய அமெரிக்க விதிப்படி ஸ்பீடோமீட்டர் மணிக்கு 85 மைலோடு நின்றுவிடும். படத்தில் காலப்பயணத்துக்குத் தேவை 88, அதனால் மீட்டரை மாற்ற வேண்டியிருந்தது. கண்ணாடி வழியே அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

ஊர் திரும்பும்போது பவர் பேங்கைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை. படத்தில் காலப்பயணத்தைச் சாத்தியமாக்கும் கருவியான ஃப்ளக்ஸ் கெப்பாசிட்டரைப் போல ஒளிரும் பெட்டி செய்து கொண்டுவந்திருந்தால் சர்க்யூட்டைக் கழற்றித் தனியாக வையுங்கள். ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும் சாம்பல் நிறப் பெட்டியை எக்ஸ்ரே அதிகாரி ரசிகராகப் பார்ப்பார் என்று நம்பிப் போகக் கூடாது.